உப்பு மணலில் புதைத்த ரோஜா

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் கல்யாண மாலை கட்டும் வேலை எனக்கு அநேகமாக நின்றுபோயிருந்தது. மரவள்ளிக்கிழங்குக்கு வரிசையில் நிற்கிற ஊரில் மாலை யாருக்கு வேண்டும்? சாவுக்குத்தான் பூ கேட்டு வந்தார்கள். அப்படி ஒரு காலையில் தங்கவேலு தூக்குச்சட்டியோடு வந்து நின்றான். ரயில்வே ஷெட்டில் வண்டிச் சக்கரங்களுக்கு எண்ணெய் போடுகிறவன். சட்டியைத் திறந்தான். ஈரத்துணிக்குள் பாதி விரிந்த ஒரே ஒரு ரோஜா.

"அக்கா, இது வாடாம இருக்கணும். ஏதாச்சும் செஞ்சு குடுங்க."

முதலாளி பெருமாள் அண்ணன் வாழைநாரைக் கிழித்தபடியே கேட்டார். "யாரு குடுத்தது?"

"கிள்ளான்ல... செல்லம்னு."

"குடுத்தவ வாடாம இருக்கால்ல, போதாதா?"

"வெள்ளிக்கிழமை என்னய சயாமுக்கு ஏத்துறாங்கண்ணே. பேர் எழுதிட்டாங்க."

நார் கிழிவது நின்றது. சயாமில் ரயில் பாதை போடப் போனவர்களிடமிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு சேதியும் வந்ததில்லை. மூன்று பேருக்கும் அது தெரியும்.

"அவனவன் அரிசி மூட்டை கட்டிக்கிட்டுப் போறான். இவரு பூ கட்டிக்கிட்டுப் போறாரு" என்றார் அண்ணன், குரலை வேண்டுமென்றே உயர்த்தி. "இறக்கு லா சட்டிய."

மணல்

ரோஜா காயவைப்பது எங்களுக்குப் புதிதல்ல. சண்டைக்கு முன்னால் துரைசானிகள் டான்ஸுக்கு வைத்துப் போன ரோஜாவை மறுநாள் டிரைவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். அம்பாங் ஈயச் சுரங்கத்து மணலை மாவுபோல் சலித்து, வெயிலில் காயவைத்து, பிஸ்கட் டின்னில் பரப்புவோம். காம்பைக் குட்டையாக நறுக்கிப் பூவை நிமிர்த்தி நட்டு, ஒவ்வோர் இதழுக்கு இடையிலும் டீஸ்பூனால் மணலைத் தூவி மூடிவிடுவோம். மணல் ஈரத்தைக் குடிக்கும். இதழ் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். நான் அந்த வேலையை நேசித்தேன். யாரோ ஒருவரின் ஒரு சாயங்காலத்தை, அது மடிந்து விழுவதற்குள், தாங்கிப் பிடிக்கிற வேலை.

ஆனால் அந்த வாரம் முழுக்க மழை. மணல் காயாது, விறகும் கிடைக்காது. அண்ணனுக்குத்தான் யோசனை வந்தது. பக்கத்துச் சந்தில் கடலை வறுத்து விற்கும் கச்சாங் பூத்தேக்காரர், கடலை கிடைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார். வருஷக்கணக்காகச் சட்டியில் வறுபட்ட மணல் அவரிடம் இருந்தது. நைஸான மணல், பொரபொரவென்று காய்ந்தது.

"இதவிடக் காஞ்ச மணல் இந்த உலகத்துலயே கிடையாது" என்று அண்ணன் அள்ளிக்கொண்டு வந்தார். கடையில் மிச்சமிருந்த கொஞ்சம் கரியில் இன்னொரு முறை லேசாகச் சூடு காட்டி, ஆறவைத்து, ரோஜாவைப் புதைத்தோம்.

உப்பு

வெள்ளிக்கிழமை தங்கவேலு சட்டைப்பையில் துண்டைச் செருகிக்கொண்டு வந்தான். டின்னைத் திறந்து மணலைச் சாய்த்தேன். மணல் ஓடவில்லை. கட்டியாக விழுந்தது. உள்ளே ரோஜா, நனைந்த காகிதம்போலத் துவண்டு கிடந்தது.

விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்தேன். உப்பு. உப்புத்தண்ணீரில் ஊறிய கடலையை வறுத்து வறுத்து அந்த மணலே உப்பேறியிருக்கிறது. சட்டிச் சூட்டில் இருந்தவரை காய்ந்து கிடந்தது, ஆறியதும் மழைக்காற்றின் ஈரத்தையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது.

"அட முட்டாளே, முட்டாளே" என்று அண்ணன் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

தங்கவேலு கோபப்படவில்லை. பூவையே பார்த்துக்கொண்டிருந்தான். "லோரி வந்துரும்கா. எவ்ளோ முடியுமோ அவ்ளோ காப்பாத்துங்க."

முழுப்பூ இனி நிற்காது. அவனிடம் கேட்டுவிட்டு இதழ்களைத் தனித்தனியாகப் பிரித்தேன். சாவுக்குக் கட்டும் மலர்வளையத்து ரிப்பனைத் தேய்க்கும் கரி இஸ்திரிப்பெட்டி கடையில் இருந்தது. துணிக்கு நடுவே வைத்து, சூடு பட்டும் படாமலும் ஒவ்வோர் இதழாகத் தேய்த்தேன். ஓரம் கறுத்தாலும் காய்ந்தன. காலிச் சிகரெட் டின்னில் போட்டுக் கொடுத்தேன். அவன் ஓட்டமாகப் போனான்.

கிள்ளான் ரயில்

கொஞ்ச நாள் கழித்து, கிள்ளான் ரயிலில் இறங்கி ஒரு பெண் வந்தாள். பேர் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

"பூவக் கொண்டுபோனாரா அக்கா? முழுசாவா?"

மணலைப் பற்றிச் சொன்னேன். "இதழாத்தாம்மா குடுக்க முடிஞ்சுது, சிகரெட் டின்ல போட்டு."

செல்லம் காலி பிஸ்கட் டின்னை எட்டிப் பார்த்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு. முழுசா இருந்தா ஒடஞ்சிடும்னு டின்னத் தொறக்கவே மாட்டாரு. சரியான பயந்தாங்கொள்ளி. இதழ்னா கையில எடுப்பாருல்ல?"

"எடுப்பாரும்மா."

"காஞ்ச இதழ் எவ்ளோ பெருசு இருந்துச்சு, காட்டுங்க."

என் கட்டைவிரல் நகத்தைக் காட்டினேன். அவள் அந்த நகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள்.

அப்புறம் அடிக்கடி வந்தாள். சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக ஆட்கள் இறங்கத் தொடங்கியபோது ஸ்டேஷனில் நின்று பார்த்துவிட்டுக் கடைக்கு வருவாள். ஒரு மாதம் வரவில்லை. பிறகு வரவே இல்லை. அவன் வந்ததாலா, வராததாலா? இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரியாது. கிள்ளான் ரயில் கிளம்பும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கை வேலையை விட்டுவிடுகிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் மணலைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். மணலை நாக்கில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். ஆனால் ரோஜாவைக் கொண்டுவருகிறவரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: பார்த்துக்கொண்டிருக்கவா, தொட்டுக்கொண்டிருக்கவா? தொடத்தான் என்றால் முழுப்பூவாகக் காயவைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.