குச்சி நட்ட சரிவு

காலை ஆறு மணி பத்து நிமிடம். காஜா பேராங் சாலையில், காப்பிக்கடைக்கு எதிரே நின்ற லாரியில் முதலில் கண்ணில் பட்டவை மண்வெட்டிகள். அவற்றில் அப்பியிருந்த செம்மண் இன்னும் காயவில்லை.

வெள்ளிக்கிழமை நான் அந்த லாரியின் கூலியாட்களிடம் கொடுத்தனுப்பியவை பாராங்கத்திகள். மலைச்சரிவுக்கு ஒரு பாதை வெட்ட வேண்டும், எல்லைக் கோட்டில் படர்ந்த கொடிகளை அறுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. இரண்டுக்கும் மண்வெட்டி தேவையில்லை.

அப்போது நான் காட்டு ஆய்வுப் பிரிவு ஒன்றில் கணக்கெடுப்பாளன். அதற்கு முன் எந்தக் கப்பல் எந்நேரம் நங்கூரமிட்டது என்று ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சுதந்திரம் வந்து சில காலம் ஆகியிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு சரிவை எங்களிடம் விட்டிருந்தார்கள். பலகைக்கு வெட்டும் மெராந்தி மரம் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. பல ஆண்டுகள் சும்மா நிற்கும். பிறகு ஒரு பருவத்தில் காடே சேர்ந்து காய்த்துக் கொட்டும். கன்றுகள் முளைத்து நிலைத்தனவா என்று பார்த்த பிறகே பெரிய மரங்களை வெட்டலாம். வெட்டினால் வெளிச்சம் விழும், கன்றுகள் எழும்பும். அடுத்த காடு அவைதான்.

எங்கள் சரிவில் எல்லாம் அந்த வரிசையில்தான் நடந்தது. காய்த்தது, முளைத்தது, பிறகு வெட்டினார்கள். விலைபோகாத மரங்களின் பட்டையைச் சுற்றி அறுத்து, நஞ்சு தடவி, நின்றபடியே பட்டுப்போக விட்டார்கள். கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தன. நேர்கோடாக நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு மெராந்திக் கன்றின் பக்கத்திலும் மூங்கில் குச்சி ஊன்றி, எது இருக்கிறது, எது செத்தது என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை.

எங்கள் என்றால் நானும் இன்னொருவரும். அவர் பக்கத்திலேயே செட்டி கம்பத்தில், பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய தமிழர்களின் கிராமத்தில், இருந்தார். நெற்றியில் திருநீறு, பேச்சு மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தவை வீட்டிலும் கோயிலிலும் புழங்கும் சில சொற்கள். காட்டில் நாங்கள் பேசியதெல்லாம் மலாயில்தான்.

அன்று திங்கட்கிழமை. கோலாலம்பூரிலிருந்து ஓர் அதிகாரி சரிவைப் பார்க்க வருவதாக இருந்தது. அந்த இடத்தை ரப்பர் போட ஒருவர் கேட்டிருந்தார். ரப்பர் ஏழு ஆண்டில் பால் கொடுக்கும், மெராந்தி எழுபது ஆண்டு கேட்கும் என்பது அவர் வாதம். வட்டி போட்டுப் பார்த்தால் காடு எப்போதும் தோற்கும். எங்களிடம் இருந்த பதில் ஒன்றுதான்: அடுத்த காடு ஏற்கெனவே முளைத்து நிற்கிறது, யாரும் எதுவும் நட வேண்டியதில்லை. அதிகாரி அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் சரிவு காடாகவே இருக்கும். பார்க்க ஒன்றும் இல்லையென்றால் கேட்டவருக்குப் போய்விடும்.

வழக்கமாகப் பாதை வெட்டுபவர்கள் அறுவடைக்குப் போய்விட்டதால், அலுவலகத்தில் காஜா பேராங் ஆட்களைப் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது பட்டணத்துக்கு வந்தவர்கள். அவர்களுக்கு மேலாளாக இருந்த மண்டோர் காப்பிக்கடையில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். கணக்கு எழுதுபவன் என்பதால் அவர்களுக்கு நான் கிராணி.

"கிராணி ஐயா, பசியாறிட்டீங்களா? பாதை சனிக்கிழமையே முடிஞ்சிருச்சு. மேலயும் முடிச்சுக் குடுத்துட்டோம்."

"மேலே என்ன வேலை?"

"குச்சி நட்டு வெச்சிருந்தீங்களே. புல்லுக்குள்ள மறைஞ்சு கெடந்துச்சு. பெரிய ஆளு வர்ற நேரத்துல அப்படியே வுட்டா நமக்குத்தானே அசிங்கம்?"

நான் காப்பி குடிக்கவில்லை. சக ஊழியரை வழியில் ஏற்றிக்கொண்டு அதே லாரியில் போனோம்.

பாதை நன்றாக வெட்டப்பட்டிருந்தது. சரிவு வழித்தெடுத்த தலைபோலக் கிடந்தது. பட்டுப்போன மரங்களுக்கு நடுவே வெறும் செம்மண். அதில் குச்சிகள் நின்றன. ஒன்றைக்கூட அவர்கள் எறியவில்லை; நுனியில் சுண்ணாம்பு வேறு தடவியிருந்தார்கள். ஒவ்வொரு குச்சியின் அடியிலும் ஒரு குழி. ஓரத்தில் புல்லும் கொடியும் கன்றுகளும் ஒரே குவியலாக வாடிக் கிடந்தன.

மண்டோர் பின்னாலேயே வந்தார். "எடவெளிதான் சரியா இல்லீங்க. தெரியாத ஆளு யாரோ நட்டுருக்கான். நாங்களே கயிறு புடிச்சு நேராக்கிட்டோம்."

அவரைக் குறை சொல்ல வழியில்லை. பழைய மரத்தை நஞ்சு வைத்துக் கொன்று, கயிறு பிடித்துக் குச்சி நட்டு, மண் தெரியப் புல் எடுத்து, குச்சிக்கு ஒரு குழி வெட்டித்தான் அவர்கள் தோட்டத்தில் மறுநடவு நடந்தது. துரை சுற்றி வரும் நாளில் நிரையில் புல் தெரிந்தால் அந்த நிரைக்காரனுக்கு அன்றைய கூலிக்குப் பேர் விழாது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும், கூலி கேட்காமல், எனக்காக வேலை செய்திருந்தார்கள்.

குச்சி எதற்கு என்று நான் விளக்கினேன். ஆட்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

"காட்டுச் செடிக்கா குச்சி ஊனுனாரு? எங்க வூட்டுக்காரி அவரைக்கொடிக்கு ஊனுற மாதிரியா?"

சிரித்தார்கள். மண்டோர் கையை உயர்த்தி அவர்களை அடக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பாதைய மட்டும் வெட்டுன்னுதான் சொன்னீங்க, இல்லேங்கல. ஆனா குச்சி நின்னா குழி வெட்டணும் ஐயா. அத எங்களுக்கு ஒருத்தர் சொல்லணுமா?"

சக ஊழியர் குவியலருகே குந்தி, வேர் அறாத கன்றுகளைத் தேடினார். ஒன்றை எடுத்து அருகிலிருந்த குழியில் வைத்து மண் தள்ளினார். அது சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தார். மறுபடியும் சாய்ந்தது.

அதிகாரி பத்தரைக்கு வந்தார். உள்நாட்டுக்காரர், பதவிக்குப் புதியவர், மரியாதையானவர். பாதை முடியும் இடத்திலேயே நின்றார். கன்றுகள் எங்கே என்று கேட்டார். குவியலைக் காட்டினேன். கடைசியாக எடுத்த கணக்கைச் சொன்னேன். கணக்கை நம்புகிறேன், ஆனால் நான் கண்டதைத்தான் நான் எழுத முடியும் என்றார். மறுபடி எப்போது காய்க்கும் என்று கேட்டார். காய்க்க வேண்டிய மரங்களை வெட்டியாகிவிட்டது என்றேன். அவர் தலையசைத்தார். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்பது எனக்கு மேலும் எரிச்சலாக இருந்தது.

திரும்புமுன் வரிசைகளை ஒருமுறை நோட்டம் விட்டார். சுத்தமான வேலை என்று சொல்லி மண்டோரின் கையைக் குலுக்கினார். மண்டோர் என்னைப் பார்க்கவில்லை.

லாரியில் திரும்பும்போது, ஊர் எல்லை தாண்டியதும் சக ஊழியர் மலாயில், "காட்டுப்பன்றி மேய்ந்திருந்தால்கூட நாலைந்து மிச்சம் வைத்திருக்கும்" என்றார். அவருக்கும் அவர்கள்மேல் கோபம் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் இருவருக்கும் தாங்கவில்லை. காஜா பேராங்கில் இறங்கி வீட்டுக்குப் போனோம்.

அடுத்த மழைக்காலத்தில் அந்தக் குழிகளில் ரப்பர் கன்று நடும் வேலை அதே மண்டோருக்குக் கிடைத்தது.