டாக்டர் வாய் திறக்கும் முன்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆம்பூர் தோல் டேனரித் தொழிலாளி. நகமெல்லாம் நீலச் சாயம். உள்ளே அவர் மகள். என் மனைவியும் உள்ளேதான். அவரோ போனில் ஏதோ ஆஸ்பத்திரி காமெடித் தொடர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். திரையில் டாக்டர் தியேட்டரைவிட்டு வெளியே வந்ததும் சட்டென்று நிறுத்தினார்.

"ஏன் பாய்?"

"புது சீசன், மொத எபிசோட் சார். போன சீசன்ல நர்ஸுக்கு ஆபரேஷன்னு முடிச்சிட்டாங்க. பொழைப்பாளான்னு ஒரு வருஷமா எங்க பாப்பா கேட்டுட்டிருக்கா. அவ வரட்டும், சேந்து பாக்கறோம்."

உள்ளிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். போனை என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

திரை மங்கத் தொடங்கியது. தொட்டால் டாக்டர் பேசிவிடுவார். தொடாவிட்டால் அணைந்துவிடும். அந்த டாக்டர் முகத்துக்கு மேல் என் விரலை நிறுத்திப் பிடித்திருந்தேன்.