பூர்ணிமா ஃபூர்னியே

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை நடத்தும் பூர்ணிமாவுக்குப் புதுச்சேரியிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை இனியவன் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார், தங்கமான குணம். பேருக்குப் பின்னால் ஒட்டியிருந்த 'ஃபூர்னியே'தான் அவள் அப்பா கோவிந்தசாமிக்கு உறுத்தியது.

"தமிழ் ஆளுக்கு எதுக்குங்க வெள்ளைக்காரன் பேரு?"

"பிரெஞ்சு ஆட்சியில எங்க கொள்ளுத் தாத்தா நம்ம வழக்கத்த விட்டு அவங்க சட்டத்துக்கு மாறினப்ப ஒரு குடும்பப் பேரு வச்சிக்கணும்னு இருந்துதுங்க. அவரு இத எடுத்துக்கிட்டாரு. ஏன்னு எங்க வூட்ல யாருக்கும் தெரியாது" என்றான் இனியவன்.

"அர்த்தம்னு ஒண்ணு இருக்கும்ல?" கேட்டது பூர்ணிமா. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணே வாய் திறந்ததும் கூடத்தில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"இருக்குது. 'ஃபூர்'னா அடுப்பு. அந்தக் காலத்துல அங்க ஊருக்கெல்லாம் பொதுவா ரொட்டி சுட ஒரு பெரிய அடுப்பு. அதப் பாத்துக்கிறவருதான் ஃபூர்னியே."

காலமெல்லாம் சூளை எரித்த கோவிந்தசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்க வெறகா, கரியா?"

"வெறகுதான் மாமா."

தட்டு மாற்ற நாள் குறித்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: பிரான்சுக்கு எப்போது? அவள் பட்டறையை விடுவதாக இல்லை. இனியவன்தான் சனி ஞாயிறில் பஸ் பிடித்து வந்தான். ஒரு தடவை செல்போனில் ஒரு குருவியைக் காட்டினான். தென் அமெரிக்காவில் களிமண்ணால் அடுப்பு போலவே கூடு கட்டும் குருவி. பிரெஞ்சில் அதற்கும் ஃபூர்னியே என்றே பெயர். பூர்ணிமாவுக்குக் கை பரபரத்தது. அன்றே குருவியும் கூடுமாகச் செய்ய உட்கார்ந்தாள். முதலில் சுட்டவை எல்லாம் விரிசல் விட்டன. கூட்டின் சுவரை மெல்லிசாக்கி, நிழலில் ஆற அமரக் காயவைத்தாள். அடுத்த சூளையில் ஒன்றுகூடப் பழுதில்லை.

புதுச்சேரியில் ஒரு பொம்மைக் கடைக்காரர் குருவியைத் திருப்பிப் பார்த்தார். அடியில் 'ஃபூர்னியே, விருத்தாசலம்' என்று முத்திரை.

"ஊர்ப் பேர எடுத்துடும்மா. பிரான்சு சரக்குன்னு சொல்லி டபுள் வெலைக்கு விக்கலாம்."

"எடுக்க மாட்டேங்க. பேரு எங்க வூட்டுக்காரரோடது, பொம்மை எங்க ஊருது. ரெண்டும் நெசம்."

அவர் வாங்கவில்லை. பூர்ணிமா குருவியை வைக்கோலில் பொதிந்து எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். அங்கே கடை வைத்திருந்த முபீனா, விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டைக்காரி. முத்திரையைப் படித்ததும் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம பக்கமா? கொண்டாந்தத எல்லாம் எறக்குங்க."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பூர்ணிமா அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கே களிமண்ணுக்குச் சொல்லிடுப்பா. குருவிக்கு ஜோடி கேக்குறாங்க."