எவரிஸ்த் அடியெடுத்துக் கொடுக்காத ஞாயிறு

எங்கள் நாடகக் கம்பெனியில் யாரும் யாரையும் வாழ்த்தக் கூடாது. திரை விலகும் முன் கட்டிப்பிடித்து, காதோரம் 'பீ' என்று சொல்ல வேண்டும். வாழ்த்தினால் நாடகம் விளங்காதாம். பதிலுக்கு நன்றி சொன்னாலும் விளங்காதாம். உடுப்பறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. போகப் போக, இவர்கள் வாய்க்குப் பொருத்தமான சொல்தான் என்று பட்டது.

எவரிஸ்த் மொர்லே அங்கே காலமெல்லாம் தோழன் வேடம் போட்டவர். பழைய துன்பியல் நாடகங்களில் அரசன் பக்கம் பக்கமாகப் புலம்புவான். அதைக் கேட்க ஒருவன் பக்கத்தில் நிற்க வேண்டுமே, அவன்தான் தோழன். அவனுக்குக் காதல் கிடையாது, கத்தி கிடையாது, சாவுகூடக் கிடையாது. எவரிஸ்த் மேற்குக் கடற்கரையில் மத்தி மீன் டப்பாவில் அடைக்கும் ஊரில் பிறந்து, நாடகப் பள்ளியில் முதல் பரிசு வாங்கி, அரசனாகப் போகிறோம் என்று பாரிஸுக்கு வந்தவர். ஆள் குள்ளம், மூக்கு உருண்டை. "இந்த மூக்குல கிரீடம் வெச்சா வழுக்கி விழுந்துடும்" என்று முதல் ஒத்திகையிலேயே ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அத்தோடு அவர் தலையெழுத்து முடிந்தது.

அரசன் வேடம் போடுபவன் தாங்க்ரேத் போரெல். ஆறடி உயரம், வெண்கலக் குரல், வாயைத் திறந்தால் பூண்டும் வயலட் மிட்டாயும் கலந்த நாற்றம். அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் எவரிஸ்த் பாதி வாழ்க்கை நின்றிருக்கிறார்.

தாங்க்ரேத்துக்கு வசனம் மனதில் நிற்காது. அந்த நாடகங்களில் ஒவ்வொரு வரிக்கும் பன்னிரண்டு அசை. ஒன்று குறைந்தாலும் முன்வரிசைக் கிழவர்கள் 'உஸ்' என்பார்கள். மேடைக்கு அடியில் உட்கார்ந்து அடியெடுத்துக் கொடுக்கும் ஆளை ஒரு காலத்தில் வைத்திருந்தோம். அந்தப் பொந்தைப் பலகை போட்டு மூடி வெகுநாளாகிவிட்டது. ஆகவே அரசன் முழிக்கும்போதெல்லாம் எவரிஸ்த்தான் கைகொடுப்பார். "அரசே, துறைமுகத்தில் காத்திருக்கும் கப்பல்களையா எண்ணுகிறீர்?" என்று அந்த நொடியிலேயே பன்னிரண்டு அசையில் ஒரு வரி கட்டிப் போடுவார். "ஆம், கப்பல்கள்!" என்று இவன் பிடித்துக்கொண்டு கரையேறுவான். சபைக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. ஒரு நாளும் இவன் நன்றி சொன்னதுமில்லை.

அந்தக் கம்பெனியில் மூத்த நடிகர்கள் எல்லாரும் பங்காளிகள். ஆண்டு முடிவில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, யார் இருக்கலாம், யார் போகலாம் என்று கை தூக்குவார்கள். காலையில் ஒருவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு, மத்தியானம் அவனோடு ஒரே தட்டில் சிப்பி உறிஞ்சுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சிப்பியே பிடிக்காமல் போய்விட்டது. எவரிஸ்த்துக்கு அந்த மேடையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. வயதான தோழன் வேடக்காரனை வேறு எந்த அரங்கில் சேர்ப்பார்கள்?

ஒரு வருடக் கடைசியில் பத்திரிகைக்காரன் ஒருவன், 'தோழர் தொணதொணக்கிறார், அரசரைப் பேசவிடுவதில்லை' என்று எழுதிவிட்டான். தாங்க்ரேத் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் தீர்ந்திருக்கும். அதற்குப் பதில் நிர்வாகியிடம் போய், "ஆமாங்க, என் வரியைத் திருடறான்" என்று புகார் கொடுத்தான். நிர்வாகி எவரிஸ்த்தைக் கூப்பிட்டு, நாடகப் பிரதியில் இல்லாத ஒரு சொல் வாயிலிருந்து வந்தாலும் திங்கட்கிழமை ஓட்டெடுப்பில் தன்னால் காப்பாற்ற முடியாது என்றார்.

ஞாயிறு மத்தியான ஆட்டத்துக்கு அவருக்குக் கழுத்துப்பட்டி கட்டும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அவன்கிட்டயே நேருக்கு நேர் கேக்க வேண்டியதுதானே முசே?"

"கேட்டேன் ஒதில். 'செல்லமே, எவனோ கோள் மூட்டறான், என் கை உனக்குத்தான்'னு சொல்லி முத்தம் குடுத்தான்."

"நம்பிட்டீங்களா?"

"நம்பாம என்ன பண்றது? இத்தனை வருஷமா அவன் மறந்ததை எல்லாம் நான்தானே ஞாபகம் வெச்சிருக்கேன்."

"இன்னிக்கு முழிச்சான்னா?"

அவர் கண்ணாடியைப் பார்த்தார். "முழிக்காம இருக்கணும்னு வேண்டிக்கோ" என்றார்.

நாலாம் அங்கம். ராணி இறந்த செய்தி வந்து அரசன் புலம்ப வேண்டிய இடம். தாங்க்ரேத் இரண்டு வரி சொன்னான். மூன்றாவது வரவில்லை. மேலங்கியோடு பக்கத்திரை ஓரம் நின்றிருந்த எனக்கு அவன் முகம் நன்றாகத் தெரிந்தது. கண் பிதுங்கி எவரிஸ்த் மேல் நின்றது. எவரிஸ்த் வாயைத் திறக்கப் போனார். பிறகு அவர் குனிந்து தரையைப் பார்த்தார்.

மௌனம் நீண்டது. தாங்க்ரேத் வாயைத் திறந்தான், மூடினான். கண்ணில் நீர் பொங்கிக் கன்னத்தில் வழிந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். அவளைத் தொடர்ந்து அரங்கமே மூக்கை உறிஞ்சத் தொடங்கியது. இவன் திரும்பித் தள்ளாடியபடி உள்ளே வந்தான். வெளியே இடி இடித்ததுபோல் கைதட்டல்.

"அடுத்தது என்ன? சொல்லித் தொலைடி!" என்று என் கையை இறுக்கினான். மூக்கைப் பொத்திக்கொண்டேன். அரசர், பட்டுக் கால்சட்டையை நனைத்துவிட்டிருந்தார். அதை அன்று சாயங்காலம் நான்தான் அலசினேன்.

மறுநாள் காலைப் பத்திரிகை, பாரிஸ் இப்படி ஒரு மௌனத்தைக் கண்டதில்லை என்றது. சொல்லுக்கு அப்பாற்பட்ட துயரமாம்.

ஓட்டெடுப்பில் நடந்ததை ராணி வேடம் போடும் சிதோனி அம்மாள் சொன்னார். செவ்வாய்க்கிழமை அவருக்கு இடுப்புக் கச்சை கட்டிக்கொண்டிருந்தேன்.

"தாங்க்ரேத் பேப்பரை மேசைமேல விரிச்சுப் போட்டான். 'பாத்தீங்களா? அவன் ஒரு நாள் வாயை மூடினான், நான் நடிச்சேன்'னான். அப்புறம் யாரால என்ன பேச முடியும்?"

"அவர் போகணும்னு கை தூக்கினது யார் யாரும்மா?"

"எல்லாரும்தான்."

"நீங்க?"

"எல்லாரும் தூக்கும்போது நான் மட்டும் கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

கச்சைக் கயிற்றை ஓர் இழு இழுத்தேன்.

"ஏய், மூச்சு முட்டுது!"

"முட்டட்டும்" என்றேன். வேறு என்ன செய்ய? நாடகம் தொடங்கும் நேரம்.

வருடம் முடிந்து எவரிஸ்த் தன் சாமான்களை எடுக்க வந்தார். ஒரு பெட்டிதான். ஊருக்கு மறுபடி அந்த மத்தி மீன் நாற்றத்துக்கே போகிறேன் என்றார். பெட்டியை மூடும்போது தாங்க்ரேத் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

"செல்லமே! நீ இல்லாம நான் என்ன பண்ணப் போறேன்!"

எவரிஸ்த் நிதானமாகக் கேட்டார். "ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அங்க நின்னியே, மனசுல என்ன ஓடுச்சு?"

தாங்க்ரேத் நெஞ்சில் கைவைத்தான். "ராணி செத்துட்டா. அவ்வளவுதான். இங்க வார்த்தை அசிங்கம்னு தோணிச்சு, நிறுத்திட்டேன். நீகூட அதைப் புரிஞ்சுக்கிட்டு சும்மா நின்னே பாரு, அங்கதான் நீ கலைஞன்."

நான் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். பொய் சொல்லவில்லை. அவன் அதை நம்பியே விட்டான். பொய்யனைத் திட்டலாம், இவனை என்ன செய்வது? அலசிய கால்சட்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். எவரிஸ்த் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். தாங்க்ரேத் குனிந்து அவருடைய இரண்டு கன்னத்திலும் ஈரமாக முத்தமிட்டுவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் எவரிஸ்த் கண்ணாடி முன் உட்கார்ந்தார். அன்று அவர் வேடம் எதுவும் போட்டிருக்கவில்லை. ஆனாலும் அரிதாரம் கலைக்கும் களிம்பைப் பஞ்சில் தொட்டு, ஒரு கன்னத்தைத் துடைத்தார், மறு கன்னத்தையும் துடைத்தார். பஞ்சைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுக் கையை நீட்டினார்.

"இன்னொரு பஞ்சு குடு ஒதில். போகல."