மும்தாஜ் இரண்டு முறை தட்டினாள்

போன சனிக்கிழமை மழையில் மாட்டிக்கொண்டேன்.

அத்திப்பள்ளியில் ஒரு வேலையை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் ஓசூர் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜூஜுவாடி தாண்டுவதற்குள் வானம் பொத்துக்கொண்டது. முன்னால் போகும் லாரியின் பின்பக்க விளக்குகூடத் தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டி, முதலில் கண்ணில் பட்ட கடைக்குள் ஓடினேன்.

உள்ளே போன பிறகுதான் அது எந்தக் கடை என்று உறைத்தது.

லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை. ஒன்றரை வருடமாக, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பாமல் நான் தாண்டிப்போகும் கடை.

"அக்கா... நீங்களா? உள்ள வாங்க, சாரல் அடிக்குது!"

மும்தாஜ். தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து, துண்டு எடுத்துக் கொடுத்தாள். அப்போது பார்த்தேன்... துண்டை நீட்டிய வலது கை நேராக நீண்டது. இடது கை முழங்கையில் கொஞ்சம் மடங்கியே நின்றது.

ஏன் தலையைத் திருப்பாமல் போனேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நான் ஜியு-ஜிட்சு கற்றுக்கொள்வது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக: பிரேசில்காரர்கள் வளர்த்தெடுத்த ஒரு மல்யுத்தம். குத்து கிடையாது, உதை கிடையாது. தரையில் புரண்டு, எதிராளியை அமுக்கி, கைக்கோ கழுத்துக்கோ பூட்டுப் போட வேண்டும். மாட்டிக்கொண்டவர் எதிராளியின் உடம்பில் இரண்டு முறை தட்டினால் போதும் — பூட்டுப் போட்டவர் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். இந்த விளையாட்டு நடப்பதே அந்த நம்பிக்கையில்தான்.

நாற்பது வயதில், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியதால் சேர்ந்தேன். பாகலூர் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடி. காலை ஆறு மணிக்குப் பெண்கள் பேட்ச். மொத்தமே ஆறு பேர்.

கோச் மஞ்சு கன்னடக்காரர். முதல் நாள் அவர் "சாக்கு! சாக்கு!" என்று கத்தியபோது, நாங்கள் என்ன சாக்கு சொன்னோம் என்று விழித்தேன். கன்னடத்தில் அப்படியென்றால் 'போதும்' என்று அர்த்தமாம். விளக்கியது மும்தாஜ்தான். எனக்குப் பயிற்சி ஜோடியாக அவளைத்தான் நிறுத்தினார் கோச்.

என்னைவிட ஆறு வயது சின்னவள், எட்டுக் கிலோ குறைவு. புருஷன் பாஷாவோடு சேர்ந்து கடையில் தார்ப்பாய் தைக்கிறவள். ஈரத் தார்ப்பாயைத் தனியாக இழுத்து மடித்திருக்கிறீர்களா? தினமும் அதைச் செய்கிறவளுடைய பிடி எப்படி இருக்கும்! என் சட்டைக் காலரில் அவள் விரல் விழுந்தால் அவ்வளவுதான். தினமும் நான்தான் தட்டுவேன். ஒரு நாளைக்கு நாலு தடவை, அஞ்சு தடவை.

எனக்கு அது பொறுக்கவில்லை. தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவள் நான். குறை எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. மூச்சு வாங்குகிறதா? மலைக்கோயில் படிகளை ஓடி ஏறினேன். பிடி தளர்கிறதா? கம்பியில் துண்டைக் கட்டித் தொங்கினேன். ஸ்கிப்பிங், பளு, வீடியோ... லஞ்ச் பிரேக்கில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து இடுப்பை நகர்த்தித் தப்பிப்பது எப்படி என்று வீடியோ பார்ப்பேன். உடம்பு தேறியது. சர்க்கரை இறங்கியது. மும்தாஜிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, நீங்க பலத்துல தள்ளுறீங்க. மூச்ச அடக்காதீங்க. விட்டு விட்டுத் தள்ளுங்க" என்பாள். சொல்லிக் கொடுப்பதில் அவளுக்கு ஒளிவுமறைவே கிடையாது. தன்னை எப்படி வீழ்த்தலாம் என்றுகூட எனக்குக் காட்டிக் கொடுத்தாள்.

அப்போது பெங்களூரில் ஒரு போட்டி வந்தது. நாங்கள் இருவரும் பேர் கொடுத்தோம். அவள் வாழ்க்கையில் முதல் போட்டி. பள்ளிக்கூடத்தில்கூட எதற்கும் ஓடியதில்லை என்று சொல்லியிருக்கிறாள். பாஷா அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். பெல்ட்டும் பயிற்சி உடையும் வைக்கப் பச்சை நிறத்தில் புதுப் பை ஒன்று வாங்கி வைத்திருந்தாள்... நம்மை மாதிரி ஆட்கள் ஒரு விஷயத்தை மனசார எதிர்பார்த்தால் முதலில் பைதானே வாங்குவோம்?

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. வழக்கம்போல் புரண்டுகொண்டிருந்தோம். அன்றைக்கு எனக்கு மூச்சு வாங்கவில்லை. அவள் சொன்ன மாதிரியே விட்டு விட்டுத் தள்ளினேன். அவள் இடது கை சிக்கியது. இரண்டு காலையும் அவள் மார்புக்குக் குறுக்கே போட்டு, கையை என் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மல்லாந்து சாய்ந்தேன். பூட்டு விழுந்துவிட்டது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக!

மும்தாஜ் என் தொடையில் தட்டினாள். இரண்டு முறை. தெளிவாக.

நான் விடவில்லை.

தெரியவில்லை என்று சொல்லலாம். வேகத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் தெரிந்தது. தட்டியதும் தெரிந்தது, விட வேண்டும் என்பதும் தெரிந்தது. இன்னும் ஒரு செகண்ட், இந்த ருசி இன்னும் ஒரே ஒரு செகண்ட் இருக்கட்டும் என்று இடுப்பைக் கொஞ்சம் தூக்கினேன்.

அவள் முழங்கையில் ஒரு சத்தம் கேட்டது.

"சாக்கு!" என்று கத்திக்கொண்டு கோச் ஓடிவந்தார். மும்தாஜ் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"யாகே மும்தாஜ்? ஏன் லேட்டா தட்டினே? எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்!" என்றார் கோச்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஐஸ் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். அதை எவ்வளவு நேரம் திறந்தேன் தெரியுமா?

"ஆமா கோச். நாந்தான் லேட்டு" என்றாள்.

அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு கோச் மற்றவர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். கர்வத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும், மாட்டிக்கொண்டால் உடனே தட்டிவிட வேண்டும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்!

தசைநார் கிழிந்திருந்தது. ஆறு வாரம் கைக்கட்டு. தார்ப்பாய் வேலைக்கு ஆள் வைத்தார்கள். ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனேன். பாஷா சிரித்துப் பேசி டீ வாங்கித் தந்தார். அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அதன் பிறகு நான் போகவே இல்லை. அவளும் வகுப்புக்கு வரவில்லை.

பெங்களூருக்கு நான் போனேன். வெண்கலம் வாங்கினேன். என் வயதில், என் எடையில் களமிறங்கியவர்கள் மொத்தம் மூன்று பேர் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை நோட்டீஸ் போர்டில் என் போட்டோ ஒட்டினார்கள்.

அந்த வாரம் இந்தப் பக்கத்திலும் எழுதினேன். நாற்பது வயதில் உடம்பைத் தயார்செய்வது எப்படி... படிகள், ஸ்கிப்பிங், துண்டில் தொங்குவது. நிறையப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். அதில் ஒரு வரி எழுதியிருந்தேன்: 'என்னோடு பயிற்சி செய்த தோழிக்குக் கையில் அடிபட்டதால் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை.'

அடிபட்டது! தமிழில் இது ஒரு வசதி. அடிபட்டது, உடைந்தது, கிழிந்தது என்று எழுதிவிட்டால் போதும் — செய்தவர் அந்த வாக்கியத்திலேயே இருக்க மாட்டார்.

இப்போது மழைக்கு வருகிறேன்.

டீ வந்தது. மழை விடுவதாக இல்லை. "இன்னும் கிளாஸுக்குப் போறீங்களாக்கா?" என்று கேட்டபடி மெஷினில் உட்கார்ந்தாள். கனத்த துணியை வலது கையால் இழுத்து, இடது பக்கம் முழங்காலால் அண்டக் கொடுத்து ஊசிக்கடியில் தள்ளினாள். முன்பு இரண்டு கையால் செய்த வேலை.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"மும்தாஜ், அன்னிக்கு நீ சரியான நேரத்துல தட்டிட்ட. எனக்குத் தெரிஞ்சுது. நான்தான் விடல."

மெஷின் நின்றது.

"தெரியுங்க்கா" என்றாள்.

"தெரியுமா?"

"என் கைதானே? எப்பத் தட்டுனேன், எப்ப உட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் கோச் கிட்ட அப்படிச் சொன்ன?"

அவள் தார்ப்பாயில் இருந்த நூல் பிசிறைக் கிள்ளினாள். "அந்த நேரத்துல உங்க மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு. பாவமா இருந்துச்சு. இப்ப நாமதான் லேட்டுன்னு சொல்லிக்குவோம், சாயந்தரம் அவங்களே போன் பண்ணிச் சொல்லிருவாங்கன்னு நெனச்சேன். அன்னிக்குப் பண்ணல. சரி, வீட்டுக்கு வரும்போது சொல்லுவாங்கன்னு இருந்தேன். ஆரஞ்சு எடுத்துட்டு வந்தீங்களே, அன்னிக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கை வலி ரெண்டு மாசத்துல போயிருச்சுக்கா. நீங்க சொல்லுவீங்கன்னு காத்துட்டு இருந்ததுதான்... அது ரொம்ப நாள் ஆச்சு."

"திரும்ப வர்றியா மும்தாஜ்? மெதுவா ஆரம்பிக்கலாம். நான் கூட இருக்கேன்."

"இல்லக்கா." கோபமில்லாமல்தான் சொன்னாள். "கைய நம்பி வரலாம். ஆளை நம்பித்தானே அங்க படுக்கணும்?"

மழை விட்டதும் கிளம்பினேன். வாசல் வரை வந்தாள். ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, பார்த்துப் போங்கள் என்றாள்.

திங்கட்கிழமை காலை, வகுப்பு தொடங்குவதற்கு முன் எல்லார் முன்னாலும் சொன்னேன். தட்டினாள், தெரிந்தது, விடவில்லை. மூன்றே வார்த்தைதான். ஒன்றரை வருடம் பிடித்தது.

கோச் என் பக்கம் திரும்பினார். பிறகு, "மேடம், புதுசா யார் சேர்ந்தாலும் அந்தப் பொண்ணு கதையைத்தானே சொல்றேன்? ஒரு லேடி லேட்டா தட்டினாங்க, கை போச்சுன்னு. நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுட்டேதானே இருந்தீங்க?" என்றார்.

ஆமாம். ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்கே கோச் மும்தாஜுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உடம்பைத் தேற்ற ஆயிரம் வழி இருக்கிறது. அன்றைக்குக் கடிதம் போட்டவர்களுக்குச் சொல்கிறேன்: நான் எழுதிய பயிற்சிகளில் பொய் எதுவும் இல்லை, எல்லாம் பலன் தரும். ஆனால் நான் அதிகமாகப் பழகியிருக்க வேண்டியது இறுக்குவதை அல்ல... விடுவதை. அதற்கு எந்தக் கம்பியில் தொங்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஜோடி பிரித்தபோது, போன மாதம் சேர்ந்த கவிதா என் எதிரே வந்து நிற்பதற்குக் கொஞ்சம் யோசித்தாள்.

யோசிக்கட்டும்.