கம்ப்யூட்டரை மெதுவாக்கிய நாள்

பல்லேபொலப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கர் எனக்கு போன் எடுத்தபோது காலை பத்து மணி இருக்கும். "மிஸ், நீங்க பூட்டிக் குடுத்த புதுக் கம்ப்யூட்டர்ல பழைய ரெஜிஸ்டர் தொறக்க மாட்டேங்குது. இங்க ஒரு பயல பொலிஸ்ல வச்சிருக்காங்க" என்றார். அலுவிகாரையில் இருந்த என் கம்ப்யூட்டர் கடையைப் பூட்டிவிட்டு த்ரீவீலர் பிடித்தேன்.

யுத்தம் மறுபடி சூடு பிடித்திருந்த வருடம். அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் ராசம்மாவின் மகனை சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோயிருந்தார்கள். பத்தொன்பது வயது, கையில் அடையாள அட்டை இல்லை. தோட்டத்தில் பிறந்தவன் என்று பதிவு எண்ணோடு ஒரு கடிதம் பின்னேரத்துக்குள் வராவிட்டால் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். எந்த ஊர் என்று சொல்லவில்லை. தோட்டத்துப் பிறப்புப் பதிவுப் புத்தகங்களைக் கறையான் தின்று பல காலம். எண் இருந்தது கம்ப்யூட்டர் ரெஜிஸ்டரில் மட்டும்தான். ராசம்மா ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

மூன்று வாரத்துக்கு முன்பு, பழைய மெஷின் செத்துப்போனதால், நான்தான் புது மெஷினில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டேன். ரெஜிஸ்டர் புரோகிராம் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது என்பதால், பழைய விண்டோஸ் 98ஐயும் தனிப் பார்ட்டிஷனில் வைத்து, எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பெருமையாகக் காட்டிவிட்டு வந்தேன். 98 ஏறியதைப் பார்த்தேன். ரெஜிஸ்டரைத் திறந்து பார்க்கவில்லை. அந்த மடத்தனத்துக்கு இன்றும் எனக்கு வெட்கம்தான்.

இப்போது திறந்தால் 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லி வெளியே வந்துவிடும். எக்ஸ்பியிலும் அதே கதை, 98இலும் அதே கதை. கிளாக்கரிடம் இருந்த பிளாப்பி பிரதியைப் போட்டேன், அதுவும் அப்படியே. பதற்றத்துக்கு நடுவிலும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதே புரோகிராம், அதே விண்டோஸ். மாறியது பெட்டி மட்டும். பெட்டியில் அப்படி என்ன?

கிளாக்கர் பக்கத்தில் நின்று புலம்பினார். "பழச தட்டிவிட்டா ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வரலாம் மிஸ். இது கண் சிமிட்டுறதுக்குள்ள கெட்டுப்போவுது."

அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்துச் சில புரோகிராம்கள் தொடங்கும்போதே மெஷினின் வேகத்தை அளந்து பார்க்கும். மெஷின் அளவுக்கு மீறி வேகமாக இருந்தால் அந்தக் கணக்கே குழம்பிப்போகும். அப்படியானால் வேகத்தைக் குறைத்துப் பார்ப்போமே என்று மெஷினின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய், புராசசருக்கு வேகம் கொடுக்கும் கேஷ் நினைவகம் இரண்டையும் நிறுத்தினேன்.

மெஷின் நத்தையாகிவிட்டது. டாஸ் திரை வருவதற்கே பொறுமை போய்விட்டது. ராசம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "இதுவும் நின்னுபோச்சா மிஸ்?" என்றார். நான் புரோகிராமின் பெயரைத் தட்டினேன்.

ரெஜிஸ்டர் திறந்தது. அவர் மகனின் பெயர், பிறந்த தேதி, பதிவு எண், எல்லாம் வரிவரியாக வந்தன. கிளாக்கர் கடிதத்தை அடித்து, தோட்டத்துத் துரையிடம் கையெழுத்து வாங்கி, ராசம்மாவைத் தன் மோட்டார் சைக்கிளிலேயே ஏற்றிக்கொண்டு போனார். மூன்று மணிக்கு, மகனோடு மூவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தார்கள்.

அன்றிலிருந்து எந்த மெஷினை மாற்றினாலும், தினமும் அதில் வேலை செய்கிறவரை உட்காரவைத்து, ஒரு வேலையை முழுதாகச் செய்து பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

அன்று கிளம்பும்முன், பழையபடி வேகமாக்கிவிட்டுப் போகிறேன் என்று கிளாக்கரிடம் சொன்னேன். ராசம்மா குறுக்கே வந்து நின்றார்.

"வேணாம் மிஸ். மெதுவாவே இருக்கட்டும். எனக்கு இன்னும் ரெண்டு பயலுக இருக்கானுங்க."