அரை மீசை

சலூன்காரருக்கு எண்பத்தெட்டு வயது. எமனுக்கே டேக்கா கொடுத்த மனிதர் என்று தெருவில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் முகத்தில் அந்த வாரம் ஈயாடவில்லை. மலத்தில் இரத்தம் போகிறது, பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்த வயசுல குடல் மெலிஞ்சிருக்கும். குழாய் பட்டு ஓட்டை விழுந்தா ஆபரேஷனைத் தாங்க மாட்டார். பார்க்காம விட்டாலும் பயம்தான். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிப்பதாம்! இப்படிச் சொன்னால் யாருக்கு ஐயா யோசனை ஓடும்? கூட வந்திருந்த மகள் அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. காலமெல்லாம் பிறத்தியார் கழுத்தில் கத்தி வைத்துப் பிழைத்தவர். "ஆடாம இருங்க, ஒண்ணும் ஆகாது" என்று எப்போது சொல்வார் தெரியுமா? தன் கை நடுங்கும்போதுதான். கை நன்றாக இருந்தால் ஊர்க்கதை பேசிக்கொண்டே மழித்துவிடுவார். கடை நடத்திய கடைசி நாளன்று நடுக்கம் நிற்கவே இல்லை. பாதி மீசை எடுத்த நிலையில், "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, பக்கத்துக் கடைக்குப் போயிடுங்க" என்று ஒருவரை அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினவர்தான், மறுபடி திறக்கவில்லை. அரை மீசையோடு தெருவில் போன அந்த ஆள் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியில் பார்த்துவிடுவது என்று முடிவானது. பரிசோதனைக்கு முந்தைய நாள், குடலைச் சுத்தம் செய்யக் கொடுத்த பேதி மருந்தே அவரை முக்கால்வாசி கொன்றுவிட்டது. மகள் கழிவறைக் கதவைத் தாழிட விடவில்லை. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அப்பா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இருக்கேன், இருக்கேன். எங்க போறது, எழுந்திருக்கவே முடியலை."

அடுத்த தடவை பதில் வரவில்லை. பதறிக் கதவைத் தள்ளினாள். தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து கிடந்தார், கண் செருகியிருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் விழித்தார்.

"வேண்டாம்ப்பா, விட்டுடலாம்."

"விட்டுட்டா ரத்தம் தானா நின்னுடுமாம்மா?"

அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, குளிர்ந்த அறையில் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். நர்ஸ் அவர் கையில் மயக்க ஊசி போட்டாள். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஆடாம இருங்க பெரியவரே, ஒண்ணும் ஆகாது."

சலூன்காரருக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. டாக்டரின் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டார்.

"தம்பி, கைக்குச் சரியாப் படலைன்னா பாதியில விட்டுடுங்க. நான் ஒருத்தரை அரை மீசையோட அனுப்பினவன். திட்டினாரு. ஆனா கழுத்து இருந்துச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. "சரி, விட்டுடறேன்" என்றார்.

மகள் முகத்தை இன்னொரு தரம் பார்த்திருக்கலாமே என்று நினைப்பதற்குள் எல்லாம் இருட்டிவிட்டது.

கண் விழித்தபோது மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஓட்டையா?"

"இல்லப்பா. வளைவுல குழாய் போகலையாம், தள்ளப் பயமா இருந்துச்சாம். பாதியிலயே நிறுத்திட்டாரு. பார்த்த வரைக்கும் ஒண்ணுமில்லையாம், மீதியில என்ன இருக்குன்னு தெரியாதாம். இதுக்கா இந்தப் பாடு? நல்லா கேக்கப்போறேன் அந்த ஆளை!"

மீதியில் என்ன இருந்தாலும் அது அவரோடுதான் வீட்டுக்கு வரப்போகிறது. அந்தப் பயம் எங்கும் போய்விடவில்லை. அவர் கை மட்டும் தானாக மேலே போய்க் கழுத்தைத் தடவிப் பார்த்தது.

"திட்டாதம்மா" என்றார். "கழுத்து இருக்கு."